ஹக், ஃபில், ஃபிக்ஸ்ட்: ஃபிக்மாவில் அளவுகள் முட்டிக்கொண்டால் எது விட்டுக்கொடுக்கும்?

செயலித் திரைகளை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவில், பொருள்களைத் தானாக அடுக்கி அளவிடும் ஆட்டோ லேஅவுட் வசதியைப் பழக ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கார்டு, அதாவது தகவல் பெட்டி, செய்கிறார்கள். உள்ளே இருக்கும் எழுத்துக்கு 'ஃபில்' (இருக்கும் இடத்தை நிரப்பு) கொடுக்கிறார்கள். கொடுத்த மறுநொடி, கார்டின் அகலத்தில் 'ஹக்' (உள்ளே இருப்பதை அணைத்து நில்) என்று இருந்தது தானாகவே 'ஃபிக்ஸ்ட்' (மாறாத எண்) ஆகிவிடுகிறது. "அதை நான் தொடவே இல்லையே" என்று அன்டூ செய்து, மறுபடி கொடுத்துப் பார்த்தால் மறுபடியும் அதேதான். மென்பொருளில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, ஆட்டோ லேஅவுட்டையே கழற்றிவிட்டு, பட்டன் பட்டனாகக் கையால் நகர்த்தி வைப்பவர்களும் உண்டு.

கோளாறு எதுவும் இல்லை. சேர்ந்து நடக்க முடியாத இரண்டு விஷயங்களை நீங்கள் கேட்டீர்கள். ஃபிக்மா அதில் ஒன்றைச் சத்தம் போடாமல் கைவிட்டது, அவ்வளவுதான். எதைக் கைவிடும், எதைக் காப்பாற்றும் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. அவை தெரிந்துவிட்டால் ஆட்டோ லேஅவுட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பேருந்து டிக்கெட் செயலிக்கான ஒரு கார்டைச் செய்துகொண்டே அந்த விதிகளைப் பார்ப்போம்.

முதலில் மூன்று அமைப்புகள்

ஆட்டோ லேஅவுட் 2019 டிசம்பரில் ஃபிக்மாவுக்கு வந்தது. இன்று அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அகலத்துக்கு ஓர் அமைப்பு, உயரத்துக்கு ஓர் அமைப்பு உண்டு.

ஃபிக்ஸ்ட் என்றால் நீங்கள் சொன்ன எண்தான் அளவு. ஹக் என்றால் உள்ளே இருப்பதுதான் அளவைத் தீர்மானிக்கும். இது ஆட்டோ லேஅவுட் ஃபிரேமுக்கும் (மற்ற பொருள்களை உள்ளே வைக்கும் பெட்டி) எழுத்துக்கும் மட்டுமே கிடைக்கும். ஃபில் என்றால் வெளியே இருக்கும் ஃபிரேம் தீர்மானிக்கும். ஆட்டோ லேஅவுட் ஃபிரேமுக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டுமே இது கிடைக்கும். "எனக்கு ஃபில் ஆப்ஷனே வரவில்லை" என்பவர்கள், அந்தப் பொருளைச் சுற்றி ஆட்டோ லேஅவுட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

இந்த மூன்றையும் மனப்பாடம் செய்வதைவிட, எந்தப் பொருளைத் தொட்டாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இதன் அகலத்தை யார் முடிவு செய்கிறார்கள்? நானா, உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா? பிறகு உயரத்துக்கும் அதே கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். அகலத்தையும் உயரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் விளங்காது.

கார்டைக் கட்டுவோம்

ஒன்று. பேருந்தின் பெயரை ஒரு வரி எழுத்தாகவும், கீழே வழித்தடத்தை இன்னொரு வரியாகவும் எழுதுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் விசையோடு ஏ அழுத்துங்கள். செங்குத்தான ஓர் அடுக்கு கிடைக்கும். இடைவெளி 4.

இரண்டு. இடப்பக்கம் 40-க்கு 40 பிக்சலில் ஒரு பேருந்து ஐகான். வலப்பக்கம் ₹1,250 என்று விலை. ஐகான், எழுத்து அடுக்கு, விலை மூன்றையும் தேர்ந்தெடுத்து மறுபடி ஷிஃப்டும் ஏ-யும். இது கிடைமட்டம். இடைவெளி 12, நான்கு பக்கமும் பேடிங் (ஓரத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே விடும் இடம்) 12. கார்டு தயார்.

இப்போதைக்குக் கார்டின் அகலம் ஹக். வழித்தடத்தில் 'கும்பகோணம்' என்று இருந்தால் கார்டு சின்னது. அதையே 'திருச்சிராப்பள்ளி வழியாகக் கும்பகோணம்' என்று மாற்றினால் கார்டு நீண்டுகொண்டே போகும். தடுக்க யாரும் இல்லை.

மூன்று. 360 பிக்சல் அகலத்தில் ஒரு மொபைல் ஃபிரேம் எடுங்கள். அதற்குச் செங்குத்து ஆட்டோ லேஅவுட், இடம் வலம் பேடிங் 16. அதன் அகலம் ஃபிக்ஸ்டாகவே இருக்கட்டும். கார்டை உள்ளே போட்டு, கார்டின் அகலத்துக்கு ஃபில் கொடுங்கள். 360-ல் இரண்டு பக்கமும் 16 போக 328. கார்டு இப்போது 328.

நான்கு. ஐகானுக்கு ஃபிக்ஸ்ட், விலைக்கு ஹக், நடுவில் உள்ள எழுத்து அடுக்குக்கு ஃபில்.

ஐந்து. பலரும் தவறவிடும் படி இது. அடுக்குக்கு ஃபில் கொடுத்தால் போதாது. அடுக்குக்குள் இருக்கும் இரண்டு எழுத்துகளுக்கும் தனித்தனியாக ஃபில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுக்கு சுருங்கும், எழுத்து சுருங்காது. வழித்தடம் அடுக்கைத் தாண்டி விலைக்கு மேல் போய் ஏறி நிற்கும். வெளியே உள்ள ஃபிக்ஸ்ட் ஃபிரேமிலிருந்து கடைசி எழுத்து வரை ஃபில் ஒரு சங்கிலிபோலத் தொடர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி ஹக்காக இருந்தாலும் அதற்குக் கீழே அகலச் செய்தி போய்ச் சேராது. ஏதாவது மடங்கவில்லை என்றால் லேயர் பட்டியலில் உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து கொண்டே போங்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உயரத்துக்கு எல்லாவற்றிலும் ஹக். எழுத்து இரண்டு வரியானால் அடுக்கு உயரும், அடுக்கு உயர்ந்தால் கார்டு உயரும். ஆக அகலம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது, உயரம் உள்ளிருந்து வெளியே போகிறது. பெரும்பாலான மொபைல் திரைகளுக்கு இந்த ஏற்பாடுதான் சரி.

ஃபிக்மா போடும் கணக்கு

நடுவில் உள்ள அடுக்குக்கு எத்தனை பிக்சல் கிடைக்கும்? கார்டு 328. பேடிங் 24 போக 304. ஐகான் 40, இரண்டு இடைவெளி சேர்த்து 24 போக 240. விலை எழுத்துக்கு 72 பிக்சல் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 168. அதுதான் ஃபில்லின் பங்கு.

வரிசையைக் கவனியுங்கள். ஃபிக்ஸ்டும் ஹக்கும் தங்கள் அளவை முதலில் எடுத்துக்கொள்கின்றன. பேடிங்கும் இடைவெளியும் அடுத்துக் கழிகின்றன. மிஞ்சியதுதான் ஃபில்லுக்கு. இரண்டு பொருளுக்கு ஃபில் கொடுத்திருந்தால் மீதியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும். உள்ளே நீளமான எழுத்து இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்போம் என்றெல்லாம் பார்க்காது.

இதில் ஒரு பக்கவிளைவு இருக்கிறது. பொருள்களுக்கு இடையே உள்ள இடைவெளியை 'ஆட்டோ' என்று வைத்தால், மீதியிடத்தைப் பொருள்களுக்கு நடுவே பரப்பி இரண்டு ஓரத்துக்கும் தள்ளும். ஆனால் வரிசையில் ஒரு ஃபில் இருந்தால் அது மீதியிடம் மொத்தத்தையும் எடுத்துவிடும், ஆட்டோ இடைவெளிக்கு எதுவும் மிஞ்சாது. பொருள்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே வரிசையில் இரண்டையும் பயன்படுத்த வேண்டாம். நான் பெரும்பாலும் ஃபில்லைத்தான் வைத்துக்கொள்வேன். எழுத்து நீண்டால் எங்கே மடங்கும் என்பது அப்போதுதான் நம் கையில் இருக்கும்.

மோதல் ஒன்று: வெளியே ஹக், உள்ளே ஃபில்

ஆரம்பத்தில் சொன்ன சிக்கல் இதுதான். கார்டு சொல்கிறது: "உள்ளே இருப்பது எவ்வளவோ, நானும் அவ்வளவு." எழுத்து சொல்கிறது: "வெளியே எவ்வளவோ, நானும் அவ்வளவு." வாசலில் இரண்டு பேர் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க" என்று நின்றுகொண்டிருப்பதைப் போல. யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

பொருள்கள் வரிசையாக நிற்கும் திசையில் இப்படி நேர்ந்தால் ஃபிக்மா வெளி ஃபிரேமை ஃபிக்ஸ்டாக மாற்றி, அந்த நொடியில் இருந்த அகலத்தை அப்படியே உறைய வைத்துவிடும். நீங்கள் கடைசியாகக் கேட்டது ஃபில். அதைக் காப்பாற்ற முன்பு கேட்டிருந்த ஹக் போகிறது. தலைகீழாகச் செய்தாலும் இதே நியாயம்தான்: உள்ளே ஃபில் இருக்கும்போது வெளி ஃபிரேமுக்கு ஹக் கொடுத்தால் உள்ளே இருந்த ஃபில் நீடிக்காது.

சில நேரம் உறைந்துபோன அந்த எண்ணை யாரும் கவனிப்பதில்லை. கார்டின் அகலம் 313 என்றோ 287.5 என்றோ இருந்தால் அது யாரும் யோசித்துக் கொடுத்த அளவாக இருக்க வாய்ப்பில்லை, இப்படி உறைந்ததாகத்தான் இருக்கும். தீர்வு எளிது. கார்டுக்கே ஃபில் கொடுத்து முடிவைக் கார்டுக்கும் வெளியே தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் தெரிந்தே ஓர் எண்ணைக் கொடுங்கள். ஒவ்வொரு ஃபில் சங்கிலியும் எங்கோ ஓர் இடத்தில் திட்டமான எண்ணில் போய் முடிந்தே ஆக வேண்டும்.

கையால் இழுத்தாலும் இதே நடக்கும். ஹக் ஃபிரேமின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து லேசாக நகர்த்தினாலே அது ஃபிக்ஸ்ட் ஆகிவிடும். பொருளை நகர்த்தப் போய் ஓரத்தைப் பிடித்துவிட்டீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மோதல் இரண்டு: உள்ளே இருப்பது வெளியைவிடப் பெரியது

304 பிக்சல் இடத்தில் 200, 200 என்று இரண்டு ஃபிக்ஸ்ட் பட்டன்களை வைத்தால்? ஃபிக்மா எதையும் சுருக்காது. இரண்டாவது பட்டன் கார்டைத் தாண்டி வெளியே தொங்கும். 'கிளிப் கன்டென்ட்' போட்டிருந்தால் தொங்கும் பகுதி கண்ணுக்கு மறைந்துவிடும். இது இன்னும் ஆபத்து. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது கிளிப்பை எடுத்துவிட்டு, கடைசியில் தேவையான இடத்தில் மட்டும் போடுவது நல்லது.

ஹக்கும் இப்படிச் செய்யும். விலை ₹1,250 என்று இருந்தவரை 72 போதும். அதையே '₹1,250 முதல், வரி தனி' என்று யாராவது மாற்றினால் அது கேட்கிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், நடுவில் இருக்கும் ஃபில் அடுக்கு நசுங்கும். வழித்தடம் ஓர் எழுத்துக்கு ஒரு வரி என்று கீழே இறங்கினால் ஃபில்லைத் திட்டாதீர்கள். பக்கத்தில் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்த ஹக் எது என்று பாருங்கள்.

இதற்கு மருந்து, 2023-ல் வந்த குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள். அகலம், உயரம் காட்டும் பெட்டியைத் திறந்தால் இவற்றைச் சேர்க்கும் வசதி இருக்கும். அடுக்குக்குக் குறைந்தபட்சம் 120, விலைக்கு அதிகபட்சம் 96 என்று வைத்துவிட்டால் எவ்வளவு நசுக்கினாலும் வழித்தடம் படிக்கும்படி இருக்கும்.

மோதல் மூன்று: இடம் போதவில்லை, ஆனால் யாரும் சுருங்கக் கூடாது

அதே 2023-ல் 'ராப்' வந்தது. கிடைமட்ட வரிசையில் இடம் முடிந்ததும் அடுத்த பொருளைக் கீழ்வரிசைக்கு இறக்கும் வசதி. இதை ஃபில்லோடும் குறைந்தபட்ச அகலத்தோடும் சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான் அதன் அருமை தெரியும்.

டிக்கெட் கார்டுக்கு மேலே நான்கு சின்னக் கட்டங்கள் வைக்கிறோம்: இருக்கை, ஏறுமிடம், நேரம், சலுகை. ஒவ்வொன்றுக்கும் அகலம் ஃபில், குறைந்தபட்சம் 140. இடைவெளி 12. 328 பிக்சல் இடத்தில் இரண்டு வைக்க 140-ம் 140-ம் 12-ம் சேர்த்து 292, அடங்கும். மூன்று வைக்க 444, அடங்காது. ஆகவே வரிசைக்கு இரண்டு. ஃபில் என்பதால் இரண்டும் 140-லேயே நிற்காமல் 158 வரை விரியும். நான்கும் இரண்டுக்கு இரண்டாக அழகாக உட்கார்ந்துவிடும்.

இப்போது வெளி ஃபிரேமை 600 ஆக்குங்கள். உள்ளே 568. மூன்றுக்கு 444, அடங்கும். நான்குக்கு 596, அடங்காது. மேலே மூன்று, கீழே தனியாக ஒன்று. அந்த ஒன்றும் ஃபில் என்பதால் 568 முழுவதையும் பிடித்துக்கொண்டு பாயை விரித்துப் படுத்துவிடும். அதிகபட்சம் 200 என்று வைத்தால் அது அடங்கும். ஆனால் மேலே உள்ளவை 181 சொச்சம், கீழே உள்ளது 200, ஓரங்கள் நேராக நிற்காது. ராப்பில் ஒவ்வொரு வரிசையும் தன் கணக்கைத் தனியாகப் போடுகிறது; மேல்வரிசையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நெடுக்கும் குறுக்கும் நேராக இருக்க வேண்டுமென்றால் ராப் வேண்டாம், 2025-ல் அறிமுகமான கிரிட் (கட்டம் கட்டமாக அடுக்கும்) முறைக்குப் போய்விடுங்கள். நீளம் வேறுபட்டாலும் உறுத்தாத ஃபில்டர் பட்டன்கள், குறிச்சொற்கள் போன்றவற்றுக்கு ராப்தான் பொருத்தம்.

எழுத்து என்ற தனி உலகம்

எழுத்துப் பெட்டிக்கு அகலம் ஹக் என்றால், அதிகபட்ச அகலம் கொடுக்காதவரை அது மடங்கவே மடங்காது. ஒரே வரியில் போய்க்கொண்டே இருக்கும். ஃபில்லோ ஃபிக்ஸ்டோ அதிகபட்சமோ கொடுத்தால்தான் மடங்கும். மடங்கும் எழுத்துக்கு உயரம் ஹக்காக இருக்க வேண்டும். உயரத்தையும் ஃபிக்ஸ்ட் செய்தால் மூன்றாவது வரி பெட்டியைத் தாண்டி அடுத்த பொருளின் மேல் விழும். இத்தனை வரிக்கு மேல் வேண்டாம் என்றால் எழுத்து அமைப்புகளில் வெட்டும் வசதியைப் போட்டு அதிகபட்ச வரிகளை 2 என்று கொடுங்கள். மிச்சம் மூன்று புள்ளியாகிவிடும்.

தமிழில் செயலி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 'ஓகே' என்பதற்கு அளவெடுத்துத் தைத்த பட்டனில் 'உறுதிப்படுத்தவும்' எப்படி நுழையும்? பட்டனுக்கு அகலம் ஹக், குறைந்தபட்ச அகலம் ஒன்று, பக்கப் பேடிங் 16. இவை இருந்தால் இரண்டு மொழிக்கும் ஒரே பட்டன் போதும். அப்புறம் உயரம். ஆங்கிலத்துக்கு இறுக்கமாக வைத்த வரி உயரத்தில் 'கீ'-யின் மேல்சுழியும் மேல்வரியின் 'கு'-வின் கீழ்ச்சுழியும் உரசிக்கொள்ளும். தமிழுக்கு வரி உயரத்தைக் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள்.

பட்டனின் உயரத்தை ஃபிக்ஸ்ட் 48 என்று அடைப்பதைவிட, உயரம் ஹக், குறைந்தபட்சம் 48 என்று வைப்பது எப்போதும் மேல். விரலுக்கான தொடு இடம் ஆண்ட்ராய்டில் 48, ஆப்பிளில் 44 இருக்க வேண்டும் என்பது அந்தந்த நிறுவனங்களின் வழிகாட்டு நெறி. குறைந்தபட்சம் அதைக் காப்பாற்றும். வயதானவர் ஒருவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் ஹக் அதற்கும் இடம் கொடுக்கும். ஃபிக்ஸ்ட் இரண்டாவதைச் செய்யாது.

கணக்கிலிருந்து விலக்குதல்

கார்டின் மூலையில் '20% தள்ளுபடி' என்று ஒரு பட்டை ஒட்ட வேண்டும். ஆட்டோ லேஅவுட்டுக்குள் போட்டால் அதுவும் வரிசையில் நான்காவதாக நின்று இடம் கேட்கும். அதைத் தேர்ந்தெடுத்து, ஆட்டோ லேஅவுட்டைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பைக் கொடுங்கள். முன்பு இதற்கு 'ஆப்சொல்யூட் பொசிஷன்' என்று பெயர். அதற்கப்புறம் அந்தப் பட்டை ஹக் கணக்கிலும் வராது, ஃபில் கணக்கிலும் வராது. அதன் இடத்தை வலது-மேல் என்று கன்ஸ்ட்ரெயின்டால் (பொருளை வெளி ஃபிரேமின் ஓரத்தோடு பிணைக்கும் அமைப்பு) கட்டிவிட்டால் கார்டு எவ்வளவு விரிந்தாலும் மூலையிலேயே இருக்கும்.

கன்ஸ்ட்ரெயின்டில் ஒன்று நினைவிருக்கட்டும். இடப்பக்க தூரம், வலப்பக்க தூரம், பொருளின் அகலம் என்ற மூன்றில் இரண்டைத்தான் காப்பாற்ற முடியும். இரண்டு பக்கமும் கட்டினால் அகலம் இழுபடும். பட்டை ரப்பர் மாதிரி நீண்டால் 'இடமும் வலமும்' என்று கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எல்லா மென்பொருளும் ஃபிக்மா மாதிரி சத்தமில்லாமல் முடிவெடுப்பதில்லை. ஐபோன் செயலி எழுதுபவர்கள் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருளில் பயன்படுத்தும் ஆட்டோ லேஅவுட் (2012-ல் ஐஓஎஸ் 6-ஓடு ஐபோனுக்கு வந்தது, பெயர்தான் ஒன்று, ஆள் வேறு) ஒவ்வொரு விதிக்கும் 1 முதல் 1000 வரை முன்னுரிமை எண் கேட்கிறது. 1000 என்றால் மீறவே கூடாதது. இரண்டு 1000-கள் முட்டிக்கொண்டால் ஒன்றை உடைத்துவிட்டு, எதை உடைத்தேன் என்று கன்சோலில் (பிழைச் செய்திகள் வரும் பலகை) நீளமாகப் புலம்பும். அந்தப் புலம்பல் படிக்கச் சலிப்பாக இருக்கும்தான். ஆனாலும் எது போனது என்று சொல்லிவிட்டுப் போகிறதே! ஃபிக்மாவில் வலப்பக்கப் பலகையில் மாறிய ஒரே ஒரு சொல்லை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனையும் ஒப்படைப்பும்

வெளி ஃபிரேமை 320, 360, 412, 600 என்று மாற்றிப் பாருங்கள். 320 முக்கியம், பக்கவாட்டில் உருட்டாமல் படிக்க முடிய வேண்டிய அகலமாக இணைய அணுகல் நெறிகள் சொல்வது அந்த எண்தான். பிறகு ஒவ்வொரு எழுத்திலும் ஒருமுறை மிக நீளமான வாசகத்தையும், ஒருமுறை ஒரே ஒரு எழுத்தையும் போட்டுப் பாருங்கள். நீளமானதைப் பலரும் சோதிக்கிறார்கள், சின்னதை மறந்துவிடுகிறார்கள். பேருந்தின் பெயர் வெறும் 'ஏ1' என்று வரும்போது கார்டு சூம்பிப் போனால் ஃபில் இருக்க வேண்டிய இடத்தில் எங்கோ ஒரு ஹக் இருக்கிறது என்று அர்த்தம்.

டெவலப்பரிடம் கொடுக்கும்போது இரண்டு வேறுபாடுகளைச் சொல்லிவிடுங்கள். ஃபிக்மாவில் ஃபிக்ஸ்ட் சுருங்காது. பிரவுசரில் ஆட்டோ லேஅவுட்டின் வேலையைச் செய்யும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் 40 பிக்சல் அகலம் கொடுத்த ஐகான் பெட்டிகூட இடம் போதாவிட்டால் இயல்பாகவே சுருங்கும். ஐகான் நசுங்கி முட்டை வடிவமானால் அதற்கு ஃப்ளெக்ஸ்-ஷ்ரிங்க் 0 (flex-shrink: 0) என்று எழுத வேண்டும். இன்னொன்று, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் முட்டிக்கொண்டால் இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் குறைந்தபட்சம்தான் ஜெயிக்கும். அதிகபட்சம் 96, குறைந்தபட்சம் 120 என்று தவறி எழுதினால் 120 கிடைக்கும்.

மூன்று புள்ளியில் வெட்ட வேண்டிய எழுத்து ஃபிக்மாவில் ஒழுங்காக வெட்டுப்பட்டு, பிரவுசரில் மட்டும் கார்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும் சம்பவமும் அடிக்கடி நடக்கும். ஃப்ளெக்ஸ் பொருளின் குறைந்தபட்ச அகலம் அங்கே பூஜ்ஜியம் அல்ல, 'ஆட்டோ'. அதாவது உள்ளே இருக்கும் உடைக்க முடியாத எழுத்தின் நீளத்துக்குக் கீழே அது இறங்காது. எழுத்தில் என்ன மாற்றினாலும் பலன் இருக்காது. எழுத்தைச் சுமக்கும் நடு அடுக்குக்கு மின்-விட்த் 0 (min-width: 0, குறைந்தபட்ச அகலம் பூஜ்ஜியம்) என்று ஒரு வரி சேர்த்தால் புள்ளிகள் வந்துவிடும்.